பஸ் ஸ்டாண்ட் காட்சியில் மச்சான்

சனி, பெரம்பலூர்
வெயில். கொடியில் கிடந்த வேட்டி தானே இஸ்திரியாகிவிட்டது. செய்ய வேண்டியவை: மாத்திரை, மிக்ஸி வாஷர், உலகப்புகழ்.

மூன்றாவதற்காகத் தேன்மொழியின் நாடகக் குழு. எழுதிய வசனம் கிடையாது. மேடையில் தோன்றுவதைப் பேச வேண்டும். இவள் என் மனைவியின் அண்ணன் மகள். அந்த அண்ணன், செந்துறை மச்சான், என்னிடம் பேசி இரண்டு வருடம். என் மகள் கல்யாணப் பத்திரிகையை, தாய்மாமனுக்கு, தாம்பாளத்தோடு நேரில் போய் வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சக்கரவர்த்தி நான். வந்தார், சீர் வைத்தார், சாப்பிடாமல் போனார்.

இன்று ஒத்திகையில் கைகளை விரித்து மௌனமாக நின்றேன். அண்டம் நடுங்கியது.

"மாமா, யாரு நீங்க? கரண்டு கம்பமா, சோளக்கொல்லை பொம்மையா?"

"சனங்க யோசிக்கட்டும்மா."

"கூட நடிக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? நீங்க யாரு, எதிர்ல யாரு, என்ன வேணும். மொதப் பேச்சுலயே தெரியணும். இல்லன்னா அரியலூர் மேடை கெடையாது."

புதன்
வீட்டில் பயிற்சி. "நான் உன் கணவன். இது சமையலறை. எனக்குக் காபி வேண்டும்."

"முப்பது வருசமா தெரியும். தள்ளுங்க."

சொல்லாவிட்டாலும் தப்பு, சொன்னாலும் தப்பு. ஒன்றும் புரியவில்லை.

ஞாயிறு, அரியலூர்
சிமெண்ட் தூசி. பல லட்சம் ரசிகர்கள் (டீ கொடுத்தவரோடு நாற்பது). காட்சி: பஸ் ஸ்டாண்ட். "யாராச்சும் ஒருத்தர் மேல வாங்க" என்று ரசிகர்களைக் கூப்பிட்டாள் தேன்மொழி. எழுந்து வந்தவர் மச்சான்!

தோளில் கை வைத்தார். "வாங்க மாப்ள. சாப்டீங்களா?"

நான் யார், எதிரில் யார், எல்லாம் காலி. "பஸ் எப்ப வரும்?" என்றேன்.

"போயிடுச்சு."

சிரிப்பு, கைதட்டல். இறங்கிப் போய்விட்டார்.

திங்கள்
தூக்கமில்லை. தோளில் கை: நடிப்பா? சாப்டீங்களா: நிஜமா? போயிடுச்சு: ஐயோ. தேன்மொழிக்கு போன்.

"அப்பா ஏதாவது சொன்னாராம்மா?"

"வூட்டுக்கு வந்து அவரும் இதத்தான் கேட்டாரு. 'நான் கேட்டதுக்கு உங்க மாமா பதிலே சொல்லலியே, கோவமா, நடிப்பா'ன்னு. ரெண்டு பேரும் சேந்து என் காட்சியக் கெடுத்துட்டீங்க."

செவ்வாய்
மேகமூட்டம். தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, பழம். செந்துறை பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்தேன். பக்கத்து சீட்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

வாசலில் மச்சான்.

"நான் உங்க தங்கச்சி புருசன். நீங்க என் பொண்ணுக்குத் தாய்மாமன். நேர்ல வந்து வைக்காதது என் தப்பு. சாப்புட வந்திருக்கேன்."

தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். "ரெண்டு எலை போடு."

மணி பத்தரை. சோறு இன்னும் வேகவில்லை. இலை போட்டாயிற்று.