குளிர் வண்டிக்கு லீவு

12.9.1999, ஞாயிறு

மழை விடவில்லை. வேங்கிக்காலில் எங்கள் தெரு முழுக்கத் துணிகள் புழுங்கி நாறுகின்றன. என் வீட்டுத் துணி மட்டும் மொடமொடவென்று காய்கிறது. எல்லாம் வண்டியின் புண்ணியம்.

என் வீட்டுக்காரர் சடையன் மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிய லாரியை விற்றுவிட்டு இந்தக் குளிர் வண்டியை வாங்கியபோது, பெட்டிக்குள் ஏதோ குளிரைத் தயார் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லையாம். உள்ளே இருக்கும் சூட்டை மெஷின் இழுத்து வெளியே தள்ளுகிறதாம். சூடு போனால் மிச்சம் இருப்பது குளிர். அந்தச் சூடு டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் மெஷின் வழியாக வருகிறது. உள்ளே சரக்கு இருக்கும்வரை, வாசலில் நிற்கும்போதும் வீட்டுக் கரண்டில் ஓடும். அதற்கு எதிரே துணிக்கொடி கட்டிவிட்டேன். "அது என்னா இஸ்திரிப் பெட்டியா?" என்று கோபித்துக்கொண்டார். நேற்று அவரே தன் பனியனைக் கொண்டுவந்து மாட்டினார்.

28.9.1999

கோடையெல்லாம் ஐஸ்கிரீம் ஏற்றினோம். மழையில் யார் வாங்குகிறார்கள்? நல்லவேளையாக வேணு சார் கிடைத்தார். மாட்டு மருந்து மொத்த வியாபாரி. கோமாரித் தடுப்பூசி மருந்தைச் சென்னையிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். ஐஸ்கிரீம் என்றால் கல்லாக உறைய வேண்டும். இது உறையவும் கூடாது, சூடாகவும் கூடாது. இரண்டு டிகிரிக்குக் கீழேயும் எட்டுக்கு மேலேயும் போகவே கூடாதாம். இந்த வேலை நிலைத்தால் வண்டி எங்களிடம் இருக்கும். இல்லாவிட்டால் விற்க வேண்டியதுதான்.

இன்று முதல் லோடு. மூட்டை அடுக்கிய கை சும்மா இருக்குமா? இவர் கூரை வரைக்கும் பெட்டிகளை அடைத்துவிட்டாராம். மேலே இடம் விட்டால்தான் குளிர்ந்த காற்று சுற்றும் என்று மேல் வரிசையை இறக்கச் சொல்லிவிட்டார் வேணு சார். "காலி இடத்துக்கும் சேத்து டீசல் போடறேன்" என்று இவர் சோறு தின்று முடிக்கும் வரை புலம்பினார்.

18.10.1999, ஆயுத பூஜை

எழுதக் கை வரவில்லை.

மருந்து நேற்றே வந்துவிட்டது. வேணு சார் கிடங்கில் பூஜை விடுமுறை. விஜயதசமி முடிந்து இறக்கலாம் என்று வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினோம். காலையில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மாமியார் ராணியம்மாள் கற்பூரத் தட்டோடு நின்றார். "மெஷின் சத்தம் போடுதே சடையா. இன்னிக்கு ஆயுதத்துக்கு ஓய்வு குடுக்கணும்டா" என்றார். லாரி ஓட்டிய இத்தனை வருஷமும் ஆயுத பூஜையன்று இவர் சாவியைத் தொட்டதில்லை. அந்தப் பழக்கத்தில் மெஷினை நிறுத்திவிட்டார். பூஜை உள்ளேயும் போகட்டும் என்று பின்கதவு இரண்டையும் விரியத் திறந்து, உள்ளே பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி — நானும் பக்கத்தில்தானே கும்பிட்டுக்கொண்டு நின்றேன்! பொரி சுண்டல் தின்றோம். இவர் தூங்கிப்போனார்.

காலையிலிருந்தே வானம் மப்பு. சாயங்காலம் துணி எடுக்கப் போனால் ஈரம் சொட்டுகிறது. ஏன் காயல? அப்புறம்தான் மெஷின் சத்தமே இல்லை என்று உறைத்தது. ஓடிப்போய், பெட்டிக்குள் எத்தனை டிகிரி என்று காட்டும் டயலைப் பார்த்தேன்.

இருபத்தாறு. ஐயோ, என்னா பண்ணப் போறோம்?

19.10.1999

மெஷின் ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் டயல் நாலு. பாட்டில்கள் எப்போதும் போலச் சில்லென்று இருக்கின்றன. ஐஸ்கிரீமாக இருந்தால் உருகியது பார்த்தாலே தெரிந்துவிடும். இதில் கெட்டுப்போனது வெளியே தெரியாது.

"யாருக்குத் தெரியப்போவுது? நாலுதான காட்டுது" என்றார் இவர்.

ஆராயி அண்ணி இவருடைய அக்கா. கீழ்பென்னாத்தூரில் இரண்டு மாடு வைத்துப் பிழைக்கிறார். "அண்ணியோட மாடும் இந்த ஊசிக்குத்தாங்க வந்து நிக்கும்" என்றேன்.

"சொன்னா வேலை போயிடும். வண்டியும் போயிடும். தெரிஞ்சிதான் பேசறியா?"

தெரிந்துதான் பேசினேன். பயமாகவும் இருந்தது. மாமியார், "நான்தான நிறுத்தச் சொன்னேன்" என்று அழுதுகொண்டே இருக்கிறார். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

20.10.1999

விடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என்ன செய்யப் போகிறார் என்று சொல்லவில்லை.

மத்தியானம் — வந்துவிட்டார். ஒரு பெட்டி கூட இறக்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டாராம். வேணு சார் கத்தியிருந்தால் தேவலை என்கிறார். "லீவு நமக்குத்தாங்க, மெஷினுக்கு இல்ல. இனிமே வராதீங்க" என்று மட்டும் சொன்னாராம். மருந்து மொத்தமும் குழியில். ஊசி முகாம் தள்ளிப்போகிறது. இவர் சட்டையைக் கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். எனக்கு அழுகையாக வருகிறது. பெருமையாகவும் இருக்கிறது.

6.11.1999

முகாம் நடப்பதற்குள் ஆராயி அண்ணியின் ஒரு மாட்டுக்குக் கோமாரி வந்துவிட்டது. வாயெல்லாம் புண். இவர் போய் அங்கேயே கிடந்து கேழ்வரகுக் கஞ்சி ஊற்றினார். ஊசி ஏன் தாமதமானது என்பதையும் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அண்ணி முதலில் துடைப்பத்தைத் தூக்கினாராம். அப்புறம், "கெட்டுப்போன ஊசிய நம்பி ரெண்டையும் ஒண்ணாக் கட்டியிருந்தா ரெண்டுமே படுத்திருக்கும்டா. ஒண்ணோட போச்சு. கஞ்சிய ஊத்து" என்றாராம்.

மாடு தேறிவிடும். பால்தான் கம்மி.

14.12.1999

விழுப்புரத்திலிருந்து ஒருவர் வண்டியை வாங்கப் பார்க்க வந்தார். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கொடியை அவிழ்த்துவிட்டேன்.

17.1.2000

வேணு சார் வீட்டுக்கே வந்தார். "வண்டி இன்னும் கை மாறலியே?" என்றுதான் முதலில் கேட்டார்.

"வேற ரெண்டு வண்டி வெச்சிப் பாத்தேம்மா. எப்ப கேட்டாலும் நாலு, நாலுன்றாங்க. ஒரு நாள் வழியில நிறுத்திப் பாத்தா மெஷினே ஓடல. இருபத்தாறுன்னு சொன்ன ஆளு இவரு ஒருத்தருதான்."

இவர் தலை நிமிரவே இல்லை. காபி வைத்துவிட்டு, அவிழ்த்த கொடியை எடுத்து மறுபடியும் கட்டினேன்.

6.10.2000, ஆயுத பூஜை

மறுபடியும் மப்பு. சந்தனமும் குங்குமமும் வண்டிக்கு வெளியே மட்டும். பின்கதவைத் திறக்கவில்லை, உள்ளே வேணு சாரின் மருந்து. மாமியார் கற்பூரத்தைச் சுற்றிவிட்டு மெஷினை அண்ணாந்து பார்த்து, "நீ உன் வேலையப் பாரு சாமி" என்றார்.

பொரி தின்றபின் இவர் தூங்கவில்லை. வண்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் கொடியிலிருந்து துணிகளை எடுத்தேன். எல்லாம் காய்ந்து, கதகதவென்று இருந்தன.