ஐந்து மாதம் தார்பாய்க்குள் நின்ற பத்மினி

சேலையூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் தபஸ்ஸுமுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அத்தாவும் இங்கே சுகம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் அதீபும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், கோபம் இருந்தாலும் அதில் ஒரு வேளைகூடத் தவறவில்லை. மூன்று வாரமாக உன் ஃபோனை நான் எடுக்கவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சலா, நெட் வேலை செய்யவில்லையா என்று அத்தாவிடம் கேட்டாயாம். காய்ச்சலும் இல்லை, நெட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. ஃபோனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், எனக்கு அழுகை வரும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் தாளை எடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேசு.

அத்தாவுக்கு சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, சாயங்காலம் நடக்கிறார். நம் தெருவைக் குழாய் போடத் தோண்டிவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள், ஆட்டோ உள்ளே வருவதில்லை, முனையிலேயே இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டு மேடவாக்கம் பக்கம் போய்விட்டார்கள். இதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத வந்தது வண்டியைப் பற்றி.

அந்த பத்மினி கார் எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். உன் அத்தா வாங்கித் தந்ததில்லை, என் அம்மா வீட்டுச் சீரும் இல்லை, நானே சம்பாதித்து வாங்கியது. கூரையில் சிவப்பு எல் போர்டு வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் தாம்பரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் எத்தனை பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். புருஷன் வேண்டாமென்று சொல்லியும் வந்தவர்கள், புர்கா போட்டுக்கொண்டு வந்தவர்கள், கோவளத்தில் மீன் விற்றுவிட்டு அந்தக் கூடையோடு பஸ் ஏறி வந்தாளே புஷ்பலதா, அவள். நீயும் அதில்தான் கற்றுக்கொண்டாய். கொரோனாவில் டிரைவிங் பள்ளியை மூடியதிலிருந்து வண்டி வெயிலிலும் மழையிலும் நின்று துருப்பிடித்து, காலை வைத்தால் தரைத்தகடு உள்ளே போகிற நிலைக்கு வந்துவிட்டது. அதைப் பழையபடி ஆக்கி, புஷ்பலதா ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாளே என்று கோவளம் வரைக்கும் நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்ததும் அகரம்தென் ரோட்டில் சவுரிமுத்து பட்டறையில் விட்டேன். என் மாணவிகள் எங்கே இடித்தாலும் நசுங்கலை எடுத்துத் தந்தவர் அவர்தான், அதனால் வேறு யாரையும் நான் யோசிக்கவில்லை. நாலு மாதம் என்றார்.

ஆரம்பத்தில் ஆன தாமதமெல்லாம் உண்மையான தாமதம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. தரைத்தகடு முழுசும் வெட்டிப் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. டிங்கர் வேலை பார்க்கிற பென்னி பைக்கிலிருந்து விழுந்து கையில் கட்டோடு ஒரு மாதம் இருந்தார். பிறகு மழை பிடித்துக்கொண்டது, ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால் கொப்பளம் விடும் என்றார்கள், சரி என்றேன். ஆனால் பொங்கல் முடிந்து வெயில் வந்த பிறகும் இன்றைக்கு, நாளைக்கு என்றே ஓடியது. போகும்போதெல்லாம் சவுரிமுத்து வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார். கலர் ஒத்து வரவில்லை, கதவு ரப்பர் கிடைக்கவில்லை, பம்பர் பாலிஷுக்குப் போயிருக்கிறது, இப்படி ஏதாவது. உள்ளே வந்து பார்க்கிறேன் என்றால் தூசும்மா, பட்டி தேய்க்கிறாங்க, மூச்சு முட்டும் என்பார். நானும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் நீ கேட்பாயே தபு, "வண்டி வந்துடுச்சாம்மா?" என்று. நான் புலம்புவேன். "இந்தப் பட்டறைக்காரங்களே இப்படித்தான், நீங்க அவர்கிட்ட ரொம்ப நல்லவங்களா இருக்கீங்க" என்று நீ எனக்குச் சமாதானம் சொல்வாய். நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டு மறுநாள் போய் அந்த மனுஷனை வேலையாட்கள் முன்னால் ஏமாற்றுக்காரன் என்று பேசினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குற்றம் செய்தவன் வாய் திறக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டேன். ஈஸ்டருக்குப் பிறகு அவர் மகள் கல்யாணம். புருஷன் பெண்டாட்டியாக, அவரும் பேபியும் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார்கள். உட்காரச் சொல்லவில்லை நான். வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டு அனுப்பினேன், கல்யாணத்துக்கும் போகவில்லை. இருபது வருஷப் பழக்கம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, சொல்லாமல் போனேன். சவுரிமுத்து சர்ச்சுக்குப் போயிருந்தார். எப்போதும் பின்பக்கத்திலேயே வேலை செய்வதால் நான் வந்து போனது எதுவும் தெரியாத பென்னி மட்டும் முன்னால் ஒரு கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா, இப்பதான் வழி தெரிஞ்சுதா? வண்டி முடிஞ்சி அஞ்சு மாசம் ஆவுது. நீங்கதான் எடுத்துகினு போவாம வச்சிகினு கீறீங்க, இடத்த அடச்சிகினு நிக்குதுன்னு நானும் சொல்லிகினேதான் கீறேன்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கே என்றேன். பின்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தார்பாயை இழுத்தார். தபு, அப்படி ஒரு அழகை நான் பார்த்ததில்லை. வாங்கின அன்றைக்கு இருந்த அதே வெண்ணெய் நிறம், பம்பரில் என் முகம் தெரிந்தது. மேலே கை வைத்தேன், எப்போதோ காய்ந்த பெயிண்ட். சந்தோஷப்பட வேண்டிய நேரம், எனக்கு அது வரவில்லை. அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சவுரிமுத்து திரும்பி வந்து, தார்பாய் கீழே கிடப்பதையும் நான் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். மறைக்க முயற்சி செய்யவில்லை. "பாப்பா ஃபோன் பண்ணுச்சிம்மா" என்றார். எந்தப் பாப்பா என்று கேட்டேன், எனக்கு உண்மையிலேயே தோன்றவில்லை. "நம்ம தபஸ்ஸும் பாப்பாதான். அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, ஸ்கூட்டில போயி ஒரு ஆள இடிச்சிட்டாங்க, வண்டி கைக்கு வந்தா நிறுத்த முடியாது, எப்படியாச்சும் இழுத்துகினே இருங்கன்னு அழுதுச்சிம்மா. எதுனா ஆச்சின்னா நீங்கதான் பதில் சொல்லணும்னுச்சி. நான் இன்னா பண்றது?" என்றார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்ல வேணான்னு சத்தியம் வாங்கிகிச்சிம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொங்கல் சமயத்தில் கேம்ப் ரோட்டில் ஸ்கூட்டியில் போய்ச் சைக்கிள்காரர் மேல் உரசியதை உனக்குச் சொன்னது யார்? நான்தான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் படபடப்பு அடங்கவில்லை, யாரிடமாவது சொன்னால் தேவலை என்று இருந்தது. உன் அத்தாவிடம்கூடச் சொல்லாமல் உன்னிடம் சொன்னேன். மகள் என்பதையும் தாண்டி ஒரு சிநேகிதி மாதிரி நினைத்துச் சொன்னேன். நீ அதை எடுத்துக்கொண்டு போய் எனக்குத் தெரியாமல் பட்டறைக்காரரிடம் கொடுத்தாய். வீட்டுக்கு வந்து அத்தாவிடம் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா என்று. டிவி சத்தத்தைக் குறைத்தார். அதுவே பதில். ஆக, எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வேகாத வெயிலில் வாரா வாரம் ஆட்டோ பிடித்துப் போய், இல்லாத ரப்பருக்கும் வராத பம்பருக்கும் சண்டை போட்டுவிட்டு வந்த ஒருத்திக்குத்தான் தெரியவில்லை. அறுபத்தாறு வயதில் என்னை எல்லோருமாகச் சேர்ந்து குழந்தைக்கு வேடிக்கை காட்டுவது மாதிரி நடத்தியிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் நீ அக்கறையாகக் கேட்டாயே, "வண்டி வந்துடுச்சாம்மா?" என்று, வராது என்று தெரிந்துகொண்டே கேட்டாயே, அந்தக் குரல்தான் இன்னும் காதில் இருக்கிறது. மற்றதையெல்லாம் தாங்கிக்கொள்வேன், அதை மட்டும் என்னால் முடியவில்லை.

அடுத்த நாள் தனியாகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதி வாங்கி, அதைப் படம் எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும் என்ற ரோஷத்தில் போனேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். கொஞ்ச நேரம் புள்ளி ஒன்றும் வரவில்லை, மிஷின் நின்றுவிட்டதா என்று அந்த நர்ஸ் பெண்ணைக் கேட்டேன். இல்லம்மா, வந்துகிட்டேதான் இருக்கு என்றாள். இடது கண்ணில் கண் அழுத்த நோயாம், ஓரப் பார்வை பெரும்பகுதி போய்விட்டது, போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டரம்மா. வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். நீங்க டிரைவிங் சொல்லிக் கொடுத்தவங்க, நீங்களே சொல்லுங்க என்றார். நானே சொன்னேன், கூடாது என்று.

அதனால் நீ பயந்தது சரிதான். எழுதிவிடுகிறேன், உன் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் நியாயம் கையில் இருக்கும்போது பொய் எதற்கு? கத்தியிருப்பேன், நாலு நாள் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன். ஐந்து மாதம் முன்னாலேயே மருந்து ஆரம்பித்திருக்கும். வண்டியைத்தான் ஒளித்து வைத்தாய், கண்ணை டாக்டரிடம் காட்டுங்கம்மா என்று ஒரு தரம் என்னிடம் சொல்லவில்லையே.

சவுரிமுத்து வீட்டுக்குப் பட்டுப்புடவையும் பழமும் எடுத்துக்கொண்டு போனேன், கல்யாணம் முடிந்து இத்தனை நாள் கழித்து. பேபியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் காப்பி கொடுத்தாள், ஆனால் முன்பு மாதிரி பக்கத்தில் வந்து உட்காரவில்லை. அது எனக்கு வேண்டியதுதான். புஷ்பலதாவைக் கூப்பிட்டேன். இப்போது அவள் சொந்தமாக மீன் வண்டி ஓட்டுகிறாள். பட்டறையில் வைத்து அவள் கையில் சாவியைக் கொடுத்து, இனி நீ ஓட்டு, வண்டி உன்னிடமே இருக்கட்டும் என்றேன். "இன்னாக்கா சொல்றீங்க" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். மாம்பாக்கம், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனோம். நன்றாக ஓட்டினாள், லாரிகளுக்கு நடுவில் ஒரு இடத்தில்கூட நான் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சாவியை நான் உனக்குத்தான் வைத்திருந்தேன். நீ நேராகக் கேட்டிருந்தால் உன் கைக்கு வந்திருக்கும்.

டிசம்பரில் வருவதாகச் சொன்னாய், வா. வர வேண்டாம் என்று கோபத்தில்கூட என் வாயில் வராது. அதீபுக்கு ஓதக் கற்றுக்கொடுப்பதை விட்டுவிடாதே. கறி மசாலாப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், பெர்த்துக்கு ஆள் வரும்போது கொடுத்துவிடுகிறேன். பழையபடி பேச எனக்குக் கொஞ்ச நாள் ஆகும், அவசரப்படுத்தாதே. அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் குறையில்லாத வாழ்வும் தரட்டும்.

ஒன்றை மறக்காதே. இந்த நோய் தாயிடமிருந்து பிள்ளைக்கு வரக்கூடியது, நாற்பது தாண்டிய பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். உனக்கு நாற்பத்தொன்று. இந்த மாதமே போய்க் கண்ணைக் காட்டு. என்ன சொன்னார்கள் என்பதை, நல்லதோ கெட்டதோ, அன்றைக்கே உள்ளபடி எனக்குச் சொல். அந்த ஃபோனை நான் எடுப்பேன்.

துஆவுடன்,
உன் அம்மா
ஷம்சாத்