அம்மியின் முதல் எழுத்து

ஆடி 5, செவ்வாய். மேலகரம்.

இன்னைக்கு என் அம்மி பிழைச்சுது. வாஷிங் மெஷின் வைக்க இடம் வேணும்னு மகன் முருகன் அதைத் தூக்கிப் போட ஆளையே கூட்டிட்டு வந்துட்டான். நாற்பது வருசமா எனக்கு அரைச்சுக் கொடுத்ததை அப்படி விட மனசு வரலை. "அதுக்கும் உயிர் இருக்குலே" என்றேன்.

"கல்லுக்கு ஏதும்மா உயிரு?" என்று சிரித்தான்.

காலேஜ் படிக்கிற பேத்தி செல்வி, "எல்லாப் பொருளுக்கும் உயிர் உண்டுன்னு எங்க தத்துவப் பாடத்துலயே இருக்குப்பா" என்றாள்.

"அப்ப நிரூபிச்சுக் காட்டு."

அவ புத்தகத்தைத் தேடப் போனா. நான் படிச்சது அஞ்சாப்புதான், ஆனா எழுத்து மறக்கலை. "அம்மியில முதல் எழுத்து என்னலே? அ. அது உயிரெழுத்தா, மெய்யெழுத்தா?"

தூக்க வந்த ஆள், "அண்ணாச்சி, ஆச்சி கேக்கதுக்கு பதில் சொல்லுங்க" என்று சிரிச்சிட்டார். முருகன் அந்த ஆளை அனுப்பிட்டான். மெஷின் புறவாசலுக்குப் போச்சு.

படுத்துக்கிட்டு வீட்டுச் சாமான் பேரெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கட்டில், பானை, இரும்புச்சட்டி, எல்லாத்துலயும் முதல் எழுத்திலேயே உயிர் வந்து சேருது. ப்ரிட்ஜ் மட்டும்தான் உயிரில்லாம, புள்ளி வச்ச மெய்யெழுத்துல தொடங்குது. அதுதான் இப்பவும் அடுக்களையில முனகிக்கிட்டுக் கிடக்கு.