படுக்காத ஆடுகள்

ஐப்பசி அமாவாசை கழிந்த வியாழன், ராத்திரி. எனக்கு எழுத வராது. போனில் சொன்னால் எழுத்தை அதுவே போட்டுக்கொள்கிறது.

எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த வருஷம்தான் செஞ்சி சந்தைக்குள் ஆறு புகுந்தது. ஆடுகளைக் கட்டிவிட்டுப் பக்கத்தில் படுத்த வியாபாரிகள் ஆடுகளோடு போனார்கள். அதற்குப் பிறகு சந்தையில் ஆற்றோரப் பள்ளத்தில் யாரும் முளை அடிப்பதில்லை.

இன்று சாயந்திரம் என் மகன் ஏழுமலை அங்கேதான் அடித்தான். நாளைச் சந்தைக்கு மேட்டில் இடமில்லையாம்.

"வேணாம்டா, ஆறு வரும்."

"ஆத்துல மணலே இல்ல, தண்ணி எங்கேர்ந்து நைனா வரும்? சும்மா டென்ஷன் ஆவாத."

பக்கத்து வியாபாரி சிரித்தான். "பெருசு, ஆட்டுக்கு நீச்சல் கத்துக் குடு."

இங்கே தூறல்கூட இல்லை. மேற்கே மலைக்குப் பின்னால் மட்டும் கறுத்துக் கிடந்தது. தழை தின்ற பிறகும் ஆடுகள் படுக்கவில்லை. எல்லாம் மேற்கே பார்த்து நின்றன. அன்றைக்கும் அப்படித்தான் நின்றன.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன், ஏழுமலை அங்கேயே படுத்துவிட்டான். கூப்பிட்டால் போன் எடுக்கவில்லை.

அன்று என்னோடு புளியமரத்தில் தொங்கிப் பிழைத்த, கூடப் பிறக்காத அக்கா தொண்டூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளிடம் சொன்னேன். மழையைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"ஆடு படுத்துச்சா தம்பி?"

"இல்லக்கா."

"அப்ப இன்னா போன்ல பேசினு இருக்கற? போயி கவுத்த அறுத்து உடு. புள்ளைய எழுப்பு."

கத்தியை எடுத்து மடியில் வைத்துவிட்டேன். நான் திரும்பாவிட்டால், அந்த ராத்திரியைக் கண்ணால் பார்த்தவள் ஒருத்திதான் மிச்சம். தொண்டூர் ஜமீலா அக்கா.