மணிக்கூண்டுத் தேனீயும் அதன் கீழுள்ள பாசியும்

அனுப்புநர்:
தே. சாராள்,
ஆலயப் பணியாளர் குடியிருப்பு,
போத்தனூர், கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: ஆலய மணிக்கூண்டில் கூடு கட்டியுள்ள மலைத்தேனீக்களை, கீழேயுள்ள அரிய பாசிக்குக் கேடின்றி உடனே அப்புறப்படுத்தக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் தேவதாஸ் எங்கள் ஆலயத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மணியடிப்பவர். தை மாதம் மணிக்கூண்டில் மலைத்தேனீக்கள் முறம் அகலத்துக்கு அடை கட்டின. காலை மூன்றடி, மாலை மூன்றடி அடித்தோம், அவை அசையவில்லை. மணி பழகிவிட்டது என்று நம்பினோம். அதுதான் நாங்கள் செய்த தவறு.

2. சபையில் ஒருவர் இறந்தால், வயதுக்கு ஓரடி வீதம் துக்கமணி அடிப்பது எங்கள் வழக்கம். சென்ற 3ஆம் தேதி எண்பத்தொரு வயதுப் பெரியவர் காலமானார். முப்பத்தொன்றாவது அடியில் தேனீக்கள் கிளம்பின. என் கணவர் கயிற்றை விடவில்லை, நாற்பதில் விழுந்தார். மருத்துவமனையில் நூற்றுக்கும் மேற்பட்ட கொடுக்குகளை எடுத்தார்கள். சிறுநீரகம் பாதித்து, தீவிர சிகிச்சையில் இருக்கிறார்.

3. மருந்து தெளிக்க ஆட்கள் வந்தார்கள். அடைக்கு இரண்டு முழம் கீழே, ஈரச் சுண்ணாம்புச் சுவரில், கைக்குட்டை அளவுக்கு ஒரு பாசி இருக்கிறது. சமவெளியில் வேறெங்கும் அதைக் கண்டதில்லை என்று கல்லூரி ஆய்வாளர் செல்வி இளவேனில் எழுதிக்கொடுக்கவே, அவர்கள் திரும்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரரைவிடப் பாசி பெரிதா என்று அவரிடம் கத்திவிட்டேன். "இல்லீங்கக்கா, ஆனா அதுக்கு எந்திரிச்சு ஓட முடியாதுங்களே" என்று அவரும் அழுதார்.

4. ஓர் அலுவலகம் தேனீயைப் பற்றிக் கேட்கிறது, இன்னொன்று பாசியைப் பற்றி. எது முக்கியம் என்று ஒப்பிட்டு அறிக்கை வரும்வரை பொறுக்கச் சொல்கிறார்கள். பதினோரு நாளாக இரண்டையும் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். தேனீ புகைக்கு எழுந்துபோய் வேறிடத்தில் கட்டிக்கொள்ளும். பாசிக்கு அந்தச் சுவரை விட்டால் போக்கிடம் இல்லை; மருந்து பட்டால் கருகிவிடும். இரண்டும் சாக வேண்டாம். மலையில் தேனெடுப்பவர்களை அழைத்து, பாசியை ஈரச்சாக்கால் மூடி, பச்சிலைப் புகை போட்டால் போதும்.

இப்போது மணியடிப்பவள் நான். மூன்றடி முடிந்ததும் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கிறேன். போதகரே நிறுத்தலாம் என்றார். ஆனால் நேற்று என் கணவர் கண் திறந்து, "மணிய நிறுத்திப்போடாத, சாராளு" என்றார். இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார் மருத்துவர். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

என் கணவருக்கு வயது அறுபத்துநான்கு. அந்தத் துக்கமணியை நான் அடிக்க நேர்ந்தால் முப்பத்தொன்றைத் தாண்ட வேண்டும். அதற்கு முன் தாங்கள் ஆளனுப்ப வேண்டுகிறேன்.

இடம்: போத்தனூர்
நாள்: 14.03.2025

இப்படிக்கு,
தே. சாராள்