மாடி அறை நாற்று

பாளையங்கோட்டை,
கிறிஸ்துமஸுக்கு மறுநாள்.

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெமிமா எழுதுகிறேன். முதலில் தோத்திரம். சொல்லிவிட்டேன், இனி கோபம்தான். போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதி, மஸ்கட் திரும்புகிற ரசீத் அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். முழுதாகப் படியுங்கள்.

மாடி அறையில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, என் ஆராய்ச்சிக்காக நெல் நாற்று வளர்த்தேனே, அது போயிற்று. உங்கள் தம்பி ஜாஸ்பர் தட்டு தட்டாகத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் கிறிஸ்துமஸ் குடிலில் புல்லாக வைத்துவிட்டான். வருஷா வருஷம் குடிலுக்குக் கேழ்வரகு முளைக்கப் போடுகிறவன் இந்தத் தடவை மறந்துவிட்டானாம். கதவில் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டுத்தான் உங்களுக்குப் போன் போட்டிருக்கிறான். நீங்கள் என்ன சொன்னீர்களாம்? "ஏலே, அது சும்மா நாத்துதாம்லே, எடுத்துக்கோ. மைனிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

சொன்னீர்களா? இல்லை. கீத ஆராதனைக்குப் போன இடத்தில், மண் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே என் தட்டுகளை நானே பார்த்தேன். பச்சைப் பசேலென்று நின்றன. ஆராதனை நடத்திய சபை ஐயர் அதைப் பாராட்ட, அத்தை எழுந்து, எங்க ஜாஸ்பர் வளத்தது என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அழுதால் அத்தை கேட்கிறார்கள், "ஏட்டி, வெளுத்துப்போன சீக்குப் புல்லுக்கா இம்புட்டு அழுக? வெளிச்சம் பட்டதும் எப்படிப் பச்சையாயிட்டு பாத்தியாலா?" ஐயோ, அத்தான்! இத்தனை வருஷமாய் நான் மண்டையை உடைத்துக்கொள்வதே அதற்குத்தானே!

உங்களுக்கும் இதுவரை தெரியாது, இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். இருட்டில் முளைத்த நாற்றுக்குச் சீக்கு ஒன்றும் இல்லை. பசுங்கணிகமாகப் போகிற சின்னச் சின்ன மணிகள் அந்த மஞ்சள் இலைக்குள் தயாராகக் காத்திருக்கும். வெளிச்சம் பட்ட கணத்தில் வேலை தொடங்கிவிடும். பச்சையம் உண்டாகும், உள்ளே சவ்வுகள் அடுக்கடுக்காய்க் கட்டிக்கொள்ளும், அதன் பிறகு இலை தன் சாப்பாட்டைத் தானே சமைக்கும். எந்த நேரத்தில் எது நடக்கிறது என்று பார்க்க, வெளிச்சம் பட்டதிலிருந்து மணி பார்த்து இலையை வெட்டி எடுக்க வேண்டும். வெந்த இட்லியைத் திரும்ப மாவாக்க முடியுமா? குடிலில் நின்ற நாற்றும் அப்படித்தான், எனக்கு உதவாது.

எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு நாள் வாங்க நாயாய் அலைந்தேன். அந்த நாள் வீணாயிற்று. மார்ச்சோடு என் பதிவுக்காலம் முடிகிறது, இனி நீட்டிக்க மாட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடி ஜனவரி கடைசியில் இன்னொரு நாள் வாங்கியிருக்கிறேன். அதுவும் தவறினால் பட்டம் கிடையாது. முக்கூடல் கொம்பையா அண்ணாச்சி தந்த விதையில் ஒரு பிடிதான் மிச்சம், அதைப் பொங்கல் கழிந்து விதைப்பேன்.

ஜாஸ்பர் மேல் கூட எனக்கு அவ்வளவு கோபமில்லை. அவன் உங்களிடமாவது கேட்டான். நீங்கள் யாரிடம் கேட்டீர்கள்? உங்கள் மேசையில் இருக்கிற கட்டட வரைபடத்தை, சும்மா காகிதம்தானே என்று நான் கிழித்திருந்தால் விட்டிருப்பீர்களா? கல்யாணமான நாளிலிருந்து என் வேலைக்கு நீங்கள் வைத்திருக்கிற பெயர் அந்தச் 'சும்மா'தான். இனி என் காதில் அது விழக் கூடாது.

பொங்கலுக்கு வரும்போது சென்ட், சாக்லேட் எதுவும் வேண்டாம். நல்ல கனமான பூட்டு ஒன்று வாங்கி வாருங்கள். மாடி அறைக்கு. சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கும், உங்களுக்கும் கிடையாது. அதை உங்கள் கையாலேயே கதவில் மாட்டி, இது ஜெமிமாவின் அறை என்று அத்தையிடமும் ஜாஸ்பரிடமும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கர்த்தர் உங்களைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும். பூட்டை மறந்துவிட்டால் மட்டும் வராதீர்கள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத
ஜெமிமா