குடிக்காத நைனாவுக்கு

என் நைனாவுக்கு, உன் கலா எழுதுவது.

அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போ கொஞ்சம் கம்மி. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் ஜாஸ்தியாகிவிட்டது. அடி அண்ணாமலையில் நம் தெரு முழுக்க இளநீர்க் கடையும் டீக்கடையும்தான். நீ இருந்தால் "நடக்க எடமில்ல"ன்னு திட்டிக்கொண்டே வாசலில் உட்கார்ந்து அத்தனை பேரையும் வேடிக்கை பார்த்திருப்பாய்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை நைனா. ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் கருமாதியன்று பந்தி நடந்துகொண்டிருந்தது. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மணி மாமா பக்கத்து ஆளிடம் சொன்னார்: "நல்ல மனுஷன். இன்னா பண்றது, குடிச்சே ஒடம்பக் கெடுத்துக்கினான்."

நான் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டேன். "மாமா, எங்க நைனா குடிச்சி நீங்க என்னிக்குப் பாத்தீங்க?"

"நான் பாக்கல கண்ணு. அந்த டிரஸ்டுக்காரங்க மேடையிலயே சொன்னாங்களே. ஊருக்கே தெரியுமே."

"நெஞ்சுல சளி கட்டி செத்தாரு மாமா. மருந்து எடுத்துக் குடுத்தவ நான். அவரு வாயில ஒரு சொட்டு பட்டதில்ல. சாப்பிடுங்க." சொல்லிவிட்டு அவர் இலையில் சாம்பாரை ஊற்றினேன். பந்தி முழுக்க என்னையே பார்த்தது. பார்க்கட்டும்.

ஆனால் அன்று ராத்திரியே முடிவு செய்தேன். ஒரு பந்திக்குச் சொன்னால் போதாது.

நீ பெயிண்டர். மாவட்டம் பிரிந்து, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வந்து, சுற்றிலும் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். உனக்கு வேலை இல்லாத நாளே கிடையாது. ஒரு மாடி வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது சாரம் சரிந்தது. இடுப்பு எலும்பு உடைந்தது. அதற்கப்புறம் நீ கட்டிலும் கைத்தடியுமாக ஆனாய். அம்மா கடலைக் கொல்லையில் மணிலாக்கொட்டை பிடுங்கும் கூலிக்குப் போனாள். நம் கஷ்டத்தின் கதை இவ்வளவுதான். இதில் குடி எங்கே வந்தது?

நான் ஆறாவது படிக்கும்போது டவுனில் ஒரு டிரஸ்டு என்னைச் சேர்த்துக்கொண்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு வெளிநாட்டுக்காரர். படிப்புச் செலவெல்லாம் அவர் ஏற்றுக்கொள்வார். எனக்குக் கிடைத்தது வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் தயவில் எனக்கு யூனிஃபார்ம் வந்தது, செருப்பு வந்தது. அந்த உதவியை வாங்கியதில் எனக்கு அன்றும் வெட்கமில்லை, இன்றும் இல்லை. வாங்கினேன், படித்தேன். இதைச் சொல்லும்போது நான் தலை குனியமாட்டேன்.

அடுத்த வருஷம் டிரஸ்டின் ஆண்டுவிழா வந்தது. பிள்ளைகள் மேடையேறித் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசவேண்டும். ஆபீஸ் சார் எனக்கு வாயாலேயே சொல்லிக்கொடுத்தார்: "எங்கப்பா தினமும் குடிச்சிட்டு வந்து எங்கம்மாவ அடிப்பாரு." நான் முழித்தேன். "சார், எங்க நைனா அப்பிடி இல்ல சார்." "இது நாடகம் மாதிரி பாப்பா. சாரத்துலருந்து வுழுந்தாருன்னு சொன்னா யார் மனசும் எளகாது. இந்த எடத்துல கொஞ்சம் அழுவணும், சரியா?"

வீட்டில் உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விழாவுக்கு நீ வரமாட்டாய், பஸ் ஏற உன்னால் முடியாது என்று நினைத்தேன். நீ வந்துவிட்டாய். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில், சலவைச் சட்டையோடு, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

மைக்கைப் பிடித்தேன். உன் முகம்தான் தெரிந்தது. "எங்க நைனா குடிக்கமாட்டாரு," என்றேன். "வேல செய்யும்போது கீழ வுழுந்துட்டாரு. இடுப்பு ஒடஞ்சிபோச்சி. அதனாலதான் எங்களுக்குக் கஷ்டம். அவரு எங்கம்மாவ அடிச்சதே இல்ல."

தமிழ் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன் வரிசை வெளிநாட்டு விருந்தினர்களுக்குச் சார் இங்கிலீஷில் சொன்னார். முன்பே தயார் செய்து வைத்திருந்ததைத்தான் சொன்னார். 'ஃபாதர்' என்பதும் 'டிரிங்க்' என்பதும் எனக்குப் புரிந்த வார்த்தைகள். முன் வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். கை தட்டினார்கள். நான் சொன்ன உண்மைக்கு அல்ல, அவர் சொன்ன பொய்க்கு.

பஸ்ஸில் நீ என்னைக் கட்டிக்கொள்வாய் என்று நினைத்தேன். "எதுக்கு மாத்திச் சொன்ன?" என்றாய்.

"பொய் நைனா அது."

"தெரியும். சார் வந்து என்னக் கேட்டாரு. நான்தான் சரின்னேன். குடிகாரன்னு சொன்னா எனக்கு இன்னா கொறஞ்சிடும்? நீ படிச்சா போதும்."

நைனா, இத்தனை வருஷமாக உன்னிடம் கேட்கவேண்டும் என்று இருந்தேன். எப்படிச் சரி என்றாய்? சேராத கூட்டத்தில் ஒரு நாளும் நின்றதில்லை, அம்மாவை அதட்டிப் பேசியதில்லை. அப்படி வாழ்ந்த வாழ்க்கையை எனக்காகத் தூக்கிக் கொடுத்துவிட உனக்கு யார் உரிமை தந்தது? அது உன்னுடைய பேர் மட்டுமா? என்னுடையதும்தானே? உன் அன்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் 'சரி'யை மட்டும் நான் இன்றுவரை ஏற்கவில்லை. நீ போய்விட்டாய் என்பதற்காக இப்போதும் ஏற்கமாட்டேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அந்த வெள்ளைக்கார அம்மாவே நம் வீட்டுக்கு வந்தார், ஞாபகம் இருக்கிறதா? சார்தான் கூட்டிவந்தார். பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போட்டோம். சார் உன்னைக் காட்டி ஏதோ இங்கிலீஷில் சொன்னார். மறுபடியும் அதே 'டிரிங்கிங்'.

"நோ," என்றேன். "மை ஃபாதர் நோ டிரிங்கிங். பெயிண்டிங் வொர்க். ஃபால் டவுன்."

"பாப்பா, கம்முனு இரு," என்றார் சார்.

"நீங்க கம்முனு இருங்க சார்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த வெள்ளைக்கார அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உன் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு நிறைய நேரம் பேசினார். சார் எதையும் தமிழில் சொல்லவில்லை. எனக்கு இருந்த இங்கிலீஷ் அதற்குப் பத்தவில்லை. அவர் என்ன சொன்னார் நைனா? உனக்காவது புரிந்ததா?

பத்தாவதுக்கு டிரஸ்டில் என் பேர் இல்லை. "ஸ்பான்ஸர் நிறுத்திட்டாங்க" என்றார்கள். நிறுத்தியது அந்த அம்மாவா, சாரா, எனக்குத் தெரியாது.

நீ அடுத்த வாரம் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேங்கிக்காலுக்கு பஸ் ஏறினாய். பழைய மேஸ்திரியிடம், "நின்னு அடிக்க முடியாது, உக்காந்து அடிக்கிற வேல இருந்தா குடு" என்று கேட்டாயாம். ஜன்னல் கம்பி, கேட், கதவின் கீழ்ப்பாதி. நான் டி.பார்ம் முடித்து டவுனில் மருந்துக்கடை வேலைக்குப் போகிறவரைக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே அடித்தாய். அந்த வீடுகளின் ஜன்னல்களைத் தாண்டித்தான் இப்போதும் என் பஸ் போகிறது. குடிகாரன் கை அப்படி ஒரே சீராக வருமா?

இன்னொரு சேதி. நான் இப்போது ஒரு பெண்ணைப் படிக்க வைக்கிறேன். எட்டாவது படிக்கிறாள், கெட்டிக்காரி. போன மாதம் கடைக்கு வந்தாள். கூட்டம் போகிறவரை ஓரமாக நின்றுவிட்டு, "அக்கா, எங்க வீட்டப் பத்தி நான் உங்ககிட்ட இன்னும் ஒண்ணுமே சொல்லலியே. எழுதித் தரணுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம். சாப்டியா?" என்றேன்.

எனக்கு வேண்டியவர்களே கேட்கிறார்கள்: "யார் வீட்டுப் பொண்ணு? அவங்க அப்பன் இன்னா பண்றான்?" அவள் பேரையோ அவள் வீட்டுக் கஷ்டத்தையோ நான் இங்கேயும் எழுதப்போவதில்லை. அவளுக்கு எப்போதாவது சொல்லத் தோன்றினால் அவள் வாயால் அவளே சொல்லட்டும்.

உன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன் நைனா. அவள் படித்து முடிக்கும்வரை நான் விடமாட்டேன். என் உதவிக்கு விலையாக அவள் வீட்டில் ஒருத்தர் பேரும் கெடாது.

உன் ஒரே பொண்ணு,
கலா
அடி அண்ணாமலை